கிடைத்தது என்றாவது சொல்லுங்கள்: சஞ்சிகை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பொகவந்தலாவை

மதிப்புக்குரிய இலக்கியச் சஞ்சிகை ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

என்னிடம் நீல அட்டை போட்ட சீ.ஆர். கொப்பி ஒன்று இருக்கிறது. அடிமட்டம் வைத்து நான்கு நிரல் கீறியிருக்கிறேன். அனுப்பிய திகதி, கதையின் பெயர், எந்தச் சஞ்சிகை, பதில். முதல் வரி 2016 தை மாதம். இந்தக் கிழமை வரை 31 வரிகள். 9 கதைகள் அச்சில் வந்தன. 4 கதைகளை எடுக்கவில்லை என்று பதில் வந்தது. மிச்சம் 18 வரிகளில் கடைசி நிரல் அப்படியே கிடக்கிறது. ஒன்றில் மட்டும் அண்ணன் மகள் பென்சிலால் ஒரு பூனை வரைந்து வைத்திருக்கிறாள்.

இந்த மடல் அந்தப் பதினெட்டைப் பற்றியது. அச்சில் வந்த ஒன்பதுக்கும் உரியவர்களிடம் நன்றி சொல்லிவிட்டேன். மறுத்து எழுதிய நாலு பேரிடமும் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. உள்ளதைச் சொன்னால் அந்த நாலு பேர் மேல்தான் மரியாதை கூட.

நான் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறவள். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். அம்மா கொழுந்தெடுத்து ஓய்ந்தவர். இருப்பது இன்னும் லயத்தில்தான். இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. பின்னால் முகவரி பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

முதலில் 2018இல் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கதையை ஒரு சஞ்சிகைக்கு அனுப்பினேன். பெயர் வேண்டாம். அதன் உள்ளட்டையில் வழக்கமாக வரும் வாசகங்கள் இருந்தன. ஆக்கங்களுக்கு ஆக்கியோரே பொறுப்பு. பிரசுரிக்கப்படாத ஆக்கங்கள் திருப்பி அனுப்பப்படமாட்டா. வேறு இதழ்களுக்கு அனுப்பியவற்றை அனுப்ப வேண்டாம். மூன்றையும் நான் வேதம் போல எடுத்துக்கொண்டேன். பத்து மாதம் காத்திருந்தேன். இரண்டு முறை தொலைபேசி எடுத்தேன். முதல் முறை, ஆசிரியர் வெளியில் என்றார்கள். இரண்டாம் முறை மணி அடித்து ஓய்ந்தது. கதை பிடிக்கவில்லை போலும், சொல்லக் கூச்சப்படுகிறார்கள் போலும் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு இன்னொரு சஞ்சிகைக்கு அனுப்பினேன். அவர்கள் இரண்டே மாதத்தில் போட்டார்கள். சந்தோசம் ஒரு மாதம் நீடித்தது.

பேராதனையில் படிக்கும் என் பழைய மாணவி ஒருத்தி வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். "டீச்சர், உங்க கதை வந்திருக்கு!" மூன்று இதயம் வேறு. பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் சஞ்சிகை. அதே கதை. வயிற்றில் புளியைக் கரைத்தது. அடுத்த இதழில் இரண்டாவது சஞ்சிகையின் ஆசிரியர் தலையங்கத்தின் கடைசிப் பந்தியில், ஒரே ஆக்கத்தை இரண்டு இதழுக்கு அனுப்பிப் பெயர் தேடும் கெட்டிக்காரர்களைப் பற்றி எழுதியிருந்தார். என் பெயரைப் போடவில்லை. "மலையகத்து ஆசிரியை" என்று போட்ட பிறகு பெயர் எதற்கு?

அவர் கோபப்பட்டதில் பிழையில்லை. அவர் பக்கத்தில் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். முதல் ஆசிரியர் செய்ததிலும், அவரைக் கேட்டால், பிழையிருக்காது. ஆக்கங்கள் குவிந்து கிடந்தன, முறை வந்தபோது போட்டேன் என்பார். நான் செய்தது பிழையா? பிள்ளைகளுக்கு நேர்மை படிப்பிக்கிறவள் என்பதால் இந்தக் கேள்வியைப் பல இரவுகள் கேட்டுப் பார்த்திருக்கிறேன். வேறெங்கும் அனுப்பாதே என்ற கட்டளை இருக்கிறது, ஆனால் எதுவரை என்பது இல்லை. விடியக்காலை வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் ஆளை நிறுத்தி வைத்துவிட்டு, மலையும் பிரித்துக் கொடுக்காமல், வீட்டுக்குப் போ என்றும் சொல்லாமல் கணக்கப்பிள்ளை போய்விட்டால் அந்த ஆள் என்ன செய்வது? வெயில் ஏறும் வரை நிற்பார். பிறகு பக்கத்துத் தோட்டத்துக்குக் கைக்காசு வேலைக்குப் போவார். அதற்குப் பிறகு கணக்கப்பிள்ளை வந்து, "எங்க போன நீ?" என்று கேட்டால் யாருடைய பிழை?

நீங்கள் பதில் போட்டும் எங்களுக்குக் கிடைக்காமல் போயிருக்கலாம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். இங்கேதான் முகவரி வருகிறது. லயத்துக்கு வீதிப் பெயர் கிடையாது. எங்களுக்கு வரும் கடிதம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். அங்கே பிரித்து, யாராவது அந்தப் பக்கம் போகிறவர் கையில் கொடுத்துவிடுவார்கள். சில நாள் கங்காணி, சில நாள் பள்ளிக்கூடப் பிள்ளை. வங்கிக் கடிதமும் நீதிமன்ற அழைப்பாணையும் வேலைக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதமும் அப்படித்தான் வருகின்றன, சிலது நாள் கடந்து வருகின்றன. அவற்றுக்கு முன்னால் ஒரு கதையைப் பற்றிய கடிதம் எம்மாத்திரம்? ஒருமுறை ஒரு சஞ்சிகை அலுவலகத்திலிருந்து என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "வீட்டு இலக்கமும் வீதியும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள்" என்றார்கள். விட்டுவிடவில்லை என்று விளக்கப் பத்து நிமிடம் பிடித்தது. அந்தத் தங்கச்சி நல்ல பிள்ளை, கடைசியில் "அப்ப தோட்டத்தின்ர பேர் மட்டும் போட்டால் வருமா அக்கா?" என்று கேட்டு எழுதிக்கொண்டாள்.

என் முதல் கதை வந்த சஞ்சிகைப் பிரதியும் அப்படித் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வந்தது. கதை கொழுந்து நிறுக்கும் தராசைப் பற்றியது. கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பார்களே, அந்தக் கழிவைப் பற்றி. ஆபீசில் அதை மூன்று நாள் வைத்து வாசித்திருக்கிறார்கள். நாலாம் நாள் கிளாக்கர் ஐயா அப்பாவைப் பிரட்டில் வைத்துச் சொன்னாராம், "ஒங்க மக தராசப் பத்தி நல்லா எழுதியிருக்கு." அது பாராட்டா எச்சரிக்கையா என்று அப்பாவுக்குக் கடைசி வரை விளங்கவில்லை. ஆனால் அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்து, "என்னா எழுதுன, வாசி பாப்போம்" என்றார். என் கதையை அவர் கேட்டது அந்த ஒரு தரம்தான். அதற்குப் பிறகு நான் டவுனில் சாமான் கடை வைத்திருக்கும் மாமா ஒருவரின் முகவரியைக் கொடுக்கிறேன். பருப்பு மூட்டைக்கு மேல் என் கடிதங்கள் காத்திருக்கும், பத்திரமாக.

ஆக, தபாலைக் குறை சொல்லும் காலமும் போய்விட்டது. போனில் ஒரு செய்தி போதும். எங்கள் மலையில் சிக்னல் மோசம்தான், ஆனால் பின்னேரம் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்கு மேலே ஏறினால் இரண்டு கோடு வரும்.

போன் என்றதும் எழுத்துரு ஞாபகம் வருகிறது. இன்னும் சில சஞ்சிகைகள் ஆக்கங்களைப் பாமினி என்ற எழுத்துருவில் தட்டச்சுச் செய்து அனுப்பச் சொல்கின்றன. உங்கள் பக்க வடிவமைப்பாளர் அதில் பழகியவர் என்பது தெரியும். ஆனால் என் மாணவர்களிடம் கணினி இல்லை. இருப்பது அம்மாவின் போன், அதுவும் இரவு எட்டு மணிக்குப் பிறகு. போனில் வருவது யூனிகோட். பாமினியில் உள்ள ஒன்றை அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் "அம்மா" என்ற சொல் ஆங்கில எழுத்துகளாகவும் நடுவில் ஓர் அரைப்புள்ளியாகவும் நிற்கும். மாற்றித் தரும் மென்பொருள்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அந்த ஐந்து நிமிட வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரு பக்கக் கவிதையை டவுனில் தட்டச்சுச் செய்விக்க அந்தப் பிள்ளை பஸ்ஸுக்கும் கடைக்கும் காசு கொடுக்க வேண்டும். இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சொற்களைத் திருத்துவது பற்றித்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

"செவ்வைப்படுத்தும் உரிமை ஆசிரியருக்கு உண்டு" என்று போடுகிறீர்கள். உண்டு, மறுக்கவில்லை. என் ஒரு கதையின் முதல் இரண்டு பந்திகளை வெட்டி மூன்றாவதில் தொடங்கிய ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அச்சில் பார்த்தபோது எரிச்சல் வந்தது. இரண்டு நாள் கழித்து வாசித்தால் அவர் செய்ததுதான் சரி. அந்தக் கதை இன்றைக்கும் அவருடைய வெட்டோடுதான் என்னிடம் இருக்கிறது. இந்த இடத்தில் கவ்வாத்தை உவமையாகச் சொல்லக் கை துறுதுறுக்கிறது. மலையகத்துக்காரி அதைச் சொல்வாள் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள் என்பதாலேயே விட்டுவிடுகிறேன்.

ஆனால் இன்னொரு கதையில் "காம்பரா" என்று நான் எழுதிய இடமெல்லாம் "படுக்கையறை" என்று வந்திருந்தது. லயத்துக் காம்பரா எதுவென்று தெரிந்தவர் யாரும் அதைச் செய்யமாட்டார். ஒரே காம்பரா. அதிலே படுக்கிறோம், படிக்கிறோம், பிள்ளை பெறுகிறோம், செத்தவரைக் கிடத்துகிறோம். என் கதையில் மாமியார் "படுக்கையறையில்" விருந்தாளிக்குத் தேத்தண்ணி கொடுத்தார். வாசித்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ! அதைவிட மோசம், "அம்மாவுக்கு இன்னைக்கு அரைப்பேர்தான்" என்ற வசனம். கொடுத்த அளவு கொழுந்து நிறைவாகாவிட்டால் செக்ரோலில், அதாவது சம்பளப் பதிவில், அரை நாள்தான் விழும், அதுதான் அரைப்பேர். அச்சில் வந்தது, "அம்மாவுக்கு இன்று பாதிப் பெயர்தான்." கதையின் முடிச்சே அந்த வசனத்தில் இருந்தது. அச்சில் அது என்னவோ மாந்திரீகக் கதை போல ஆகிவிட்டது. ஒரு செய்தி அனுப்பி, "அரைப்பேர் என்றால் என்ன அம்மா?" என்று கேட்டிருக்கலாமே. நான் என்ன தங்கமலை ரகசியமா வைத்திருக்கிறேன்?

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. சொல்லை மாற்றாமல் விட்டுவிட்டு, கதையின் அடியில் "கொழுந்து: தேயிலைச் செடியின் இளந்தளிர்", "லயம்: தொழிலாளர் குடியிருப்பு" என்று ஓர் அகராதி போடுவது. அதே இதழில் அடுத்த கதை யாழ்ப்பாணத்து வடமராட்சிப் பேச்சில் இருக்கும். அதற்கு அடியில் ஒன்றும் இருக்காது. அந்தக் கதையை நாங்கள் எங்கள் மலையில் இருந்து விளங்கித்தான் வாசிக்கிறோம். சிலது விளங்காவிட்டாலும் இரண்டு பந்தி தாண்டினால் தானாகத் தெரியவரும். நாங்கள் வந்து இருநூறு வருசமான இந்த நாட்டில், தேத்தண்ணி குடிப்பவர்களுக்குக் கொழுந்து என்ற சொல்லை இன்னும் மொழிபெயர்க்க வேண்டுமா?

இருநூறு என்றதும் 2023 ஞாபகம் வருகிறது. மலையக மக்கள் வந்து இருநூறு வருசம் என்று நாடெங்கும் பேசிய வருசம். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். எனக்கு அந்த ஒரு வருசத்தில் மட்டும் மூன்று சஞ்சிகைகளிலிருந்து தாமாகவே கதை கேட்டு அழைப்பு வந்தது. மூவரும் மலையகச் சிறப்பிதழ் போட்டார்கள். நல்ல இதழ்கள், என் அலுமாரியில் இருக்கின்றன. அடுத்த வருசம் அதே மூவரில் இருவருக்கு நானாக ஒரு கதை அனுப்பினேன். அவை பதில் வராத அந்த 18இல் சேர்ந்துவிட்டன. எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டுவிட்டு மறுநாள் வீதியில் கண்டால் தெரியாதது போல் போனால் எப்படி இருக்கும்?

மறுத்து வந்த நாலு பதிலில் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கதை, ஒரு கணித ஆசிரியைக்கு வந்த பல்வலியைப் பற்றியது. ஒரு நாள் இரவு, ஒரு பல், டிக்கோயாவுக்குப் போக வாகனம் கிடைக்காத நேரம், பக்கத்து வீட்டுக் கிராம்பு. அவ்வளவுதான். வந்த பதில்: "நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இதில் மலையகம் எங்கே இருக்கிறது?" பல்வலியில் இருக்கிறது ஐயா. எங்களுக்கும் பல் இருக்கிறது. அட்டைக்கடியும் பனியும் கண்ணீரும் இல்லாமல் ஒரு நாள் இங்கேயும் விடிகிறது. ஆனாலும் அவருக்கு நன்றி, ஏனென்றால் பதினோராம் நாளே சொல்லிவிட்டார். கொப்பியில் எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன்.

நீங்கள் படும் பாடு தெரியாமல் இதை எழுதவில்லை. டொமினிக் ஜீவா என்ற ஒரு மனிதர் யாழ்ப்பாணத்துச் சலூன் ஒன்றிலிருந்து 1966 ஆவணியில் மல்லிகை சஞ்சிகையைத் தொடங்கி, கையில் சுமந்து விற்று, 2012 வரை நானூறு இதழுக்கு மேல் கொண்டுவந்தார் என்பதை என் பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்கிறேன். தோட்டத்தில் வைத்தியராக வேலை செய்த தி. ஞானசேகரன் 2000இல் கண்டியிலிருந்து 'ஞானம்' சஞ்சிகையைத் தொடங்கியதையும், அந்தனி ஜீவா 'கொழுந்து' என்ற இதழைக் கொண்டுவந்ததையும், தீர்த்தக்கரை, நந்தலாலா என்று இந்த மலைகளுக்குள் இருந்தே இதழ்கள் வந்து நின்றதையும் சொல்கிறேன். (இந்த மடலில் நான் குறை சொல்லும் இதழ்கள் இவையல்ல. யாரும் தேட வேண்டாம்.) விளம்பரம் இல்லை, சந்தா வருவதில்லை, அச்சுக்கூலி ஏறுகிறது, ஒப்புநோக்க ஆளில்லை, வீட்டில் பேச்சு வேறு. ஆசிரியர் பீடம் என்று போட்டிருப்பீர்கள், பீடத்தில் இருப்பது ஒருவர். அவரும் பகலில் வேறு வேலை பார்ப்பவர். எல்லாம் சரி. பதிலாக ஆறு சொல் எழுத எவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான் என் கேள்வி.

சஞ்சிகை எங்களுக்கு என்ன என்பதையும் சொல்ல வேண்டும். கொழும்பிலோ சென்னையிலோ ஒருவருக்குச் சஞ்சிகை என்பது புத்தகத்துக்குப் போகும் வழியில் ஒரு படி. எங்களுக்கு அப்படியில்லை. என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' 1961இல் தினகரனில் வந்தது. அதே பெயரில் அவருடைய தொகுதி வந்தது 1980இல். நடுவில் பத்தொன்பது வருசம். அவ்வளவு காலமும் அந்தக் கதை உயிரோடு இருந்தது பழைய பத்திரிகைத் தாளிலும் வாசித்தவர்களின் ஞாபகத்திலும்தான். தினகரன் அதை மேசையில் போட்டுவிட்டு மறந்திருந்தால்?

அந்தக் காலத்தைப் பற்றி நான் நினைத்துக்கொள்வது ஒன்று உண்டு. மலையகத்தில் சிறுகதை எழுதுகிறவர்கள் ஒரு கூட்டமாக வெளியே வந்தது 1960களில். மலைநாட்டு எழுத்தாளர் மன்றமும் வீரகேசரியும் சேர்ந்து நடத்திய சிறுகதைப் போட்டிகள்தான் பலரை எழுத வைத்தன. பரிசுக் கதைகள் 1971இல் 'கதைக்கனிகள்' என்ற தொகுதியாகவும் வந்தன. பரிசுப் பணத்துக்காக எழுதினார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. போட்டிக்கு முடிவுத் திகதி உண்டு, முடிவும் உண்டு. தோற்றவனுக்கும் தான் தோற்றது தெரியும், அடுத்த தரத்துக்கு எழுதத் தொடங்குவான். தெளிவத்தை ஜோசப் அந்தப் போட்டிகளில் வந்தவர். பிறகு 2013இல் தமிழ்நாட்டில் விஷ்ணுபுரம் விருது வரை போனார். அவருக்கு முதலில் கிடைத்தது மௌனமாக இருந்திருந்தால் அவர் தெளிவத்தைத் தோட்டத்தில் நல்ல வாத்தியாராக மட்டும் இருந்திருப்பாரோ என்னவோ.

இனி எங்கள் பக்கத்துக் குப்பையையும் கூட்டிவிடுகிறேன். சனிக்கிழமைகளில் என்னிடம் முதலில் ஏழு பிள்ளைகள் வந்தார்கள். இருவர் உயர்தரம் படிப்பவர்கள், ஒருவர் ஹட்டனில் புடைவைக் கடையில் நிற்பவர், மற்றவர்கள் வேலை தேடுகிறவர்கள். கதை, கவிதை எழுதுவார்கள், நான் திருத்துவேன், திட்டுவேன், ரொட்டியும் சம்பலும் கொடுப்பேன். அதில் ஒரு தம்பி ஒரே கவிதையை ஒரே இரவில் ஐந்து சஞ்சிகைக்கு அனுப்பியிருந்தான். வட்ஸ்அப்பில், பெயர் கூட இல்லாமல், "கவிதை. பாருங்க." அதை முதல் நாளே முகநூலிலும் போட்டிருந்தான். ஐந்தில் ஒரு சஞ்சிகையைக்கூட அவன் கையால் தொட்டதில்லை. "வாசிக்காமலே அனுப்புனியா?" என்றேன். "இங்க எங்க கெடைக்குது டீச்சர்?" என்றான். ஹட்டனில்கூட இரண்டு கடையில் தேட வேண்டும், உண்மைதான். ஆனால் நூலகம் இணையத்தளத்தில் பழைய சஞ்சிகைகள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. 2005 முதல் மின்வருடி இலவசமாகப் போட்டு வருகிறார்கள். இப்போது என்னிடம் ஒரு சட்டம்: எந்தச் சஞ்சிகைக்கு அனுப்புகிறாயோ அதன் மூன்று பழைய இதழை வாசித்துவிட்டு வந்து எனக்குக் கதை சொல்ல வேண்டும். இரண்டு பேர் அதற்குப் பிறகு வரவில்லை. வந்த ஐந்து பேரும் முன்னைவிட நன்றாக எழுதுகிறார்கள்.

மறுத்தால் கோபித்துக்கொள்கிறவர்களும் எங்களில் உண்டு. "யார் இவர் என் கவிதையைத் திருப்ப?" என்று முகநூலில் எழுதி, ஆசிரியரின் ஊரையும் சாதியையும் இழுப்பவர்கள். அதற்குப் பயந்தே நீங்கள் பதில் போடாமல் விடுகிறீர்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். இருக்கலாம். ஆனால் நாலு பேர் கத்துவார்கள் என்பதற்காக நாற்பது பேரைக் காக்க வைப்பது நியாயமா?

பதில் கிடைக்காதவர்கள் எங்கே போகிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். புடைவைக் கடையில் நிற்கும் தங்கச்சி எட்டு மாதம் காத்திருந்து களைத்து, கூட்டுக் கவிதைத் தொகுப்பு ஒன்றில் சேர்ந்தாள். விளம்பரத்தைப் பார்த்துத்தான். கவிதை தெரிவாகிவிட்டது என்று மறுநாளே பதில். அவ்வளவு விரைவு! பத்துப் பிரதி வாங்கினால் போதுமாம், பிரதி 400 ரூபாய். 4000 கட்டினாள். தோட்டத் தொழிலாளிக்கு நாட்சம்பளம் 1350 ரூபாய் என்று 2024 செப்டெம்பரில் தீர்மானம் வந்ததே, அந்தக் கணக்கில் அவள் அம்மாவின் மூன்று நாள். புத்தகம் வந்தது. அட்டையில் ரோஜாப்பூ. அவள் கவிதையில் இரண்டு வரி விடுபட்டிருந்தது. பத்தில் ஒன்பது பிரதி இன்னும் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. நீங்கள் ஒருவர் "இல்லை" என்று சொல்லியிருந்தால் அவள் அந்தக் கவிதையைத் திருத்தியிருப்பாள். நான் பார்த்தவரையில் திருத்தக்கூடிய கவிதைதான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. காசு கேட்கவில்லை, யாரும் கொடுப்பதில்லை என்பதும் தெரியும். உள்ளட்டையில் பொறுப்பு யாருடையது என்று போடும் அந்தப் பெட்டிக்குள் இன்னும் இரண்டு வரி சேருங்கள். எத்தனை சொல் வரை அனுப்பலாம், எத்தனை மாதத்துக்குள் பதில் சொல்வீர்கள். மூன்று மாதம் என்றாலும் சரி, ஆறு என்றாலும் சரி. அந்தக் காலம் கடந்தால் எழுதியவர் வேறெங்கும் அனுப்பலாம் என்றும் போட்டுவிடுங்கள், எங்கள் தலையில் கள்ளிப்பட்டம் விழாது. எடுத்தால் எந்த இதழில் என்று ஒரு செய்தி. சொல்லை மாற்றினால் அச்சுக்கு முன் பக்கத்தைப் போனில் படம் எடுத்து அனுப்புங்கள், ஒரு நாளுக்குள் பார்த்துச் சொல்வேன். எடுக்காவிட்டால் காரணம் வேண்டாம். காரணம் எழுதத் தொடங்கினால் உங்களுக்கு நேரம் போகும், எங்களுக்கு வாதாடத் தோன்றும். நானே ஒரு பதில் எழுதித் தருகிறேன், அப்படியே கொப்பி பண்ணி அனுப்பலாம்:

"உங்கள் கதை கிடைத்தது. எடுக்கவில்லை. வேறெங்கும் அனுப்பலாம்."

ஆறு சொல். எண்ணிப் பாருங்கள்.

இந்த மடலுடன் கதை ஒன்றையும் வைத்திருக்கிறேன். 2140 சொற்கள், யூனிகோட். பல்வலிக் கதைதான். கடைசிப் பந்தியை மாற்றியிருக்கிறேன், கிராம்பு அப்படியே இருக்கிறது, தேயிலை இன்னும் வரவில்லை. உங்களில் ஒருவருக்கு மட்டும் அனுப்புகிறேன், வேறெங்கும் அனுப்பவில்லை. கொப்பியில் 32ஆம் வரியில் திகதி போட்டாயிற்று. முகவரி மாமாவின் கடை. ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு, மற்ற நாளில் யாராவது இருப்பார்கள். போனில் அனுப்புவதென்றால் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு அனுப்புங்கள். அந்த நேரம் நான் பீலிக்கரைக்கு மேலே நிற்பேன்.

இப்படிக்கு,
பொகவந்தலாவையிலிருந்து கதை எழுதும் ஓர் ஆசிரியை